பட்ஜெட்டில் ஒதுக்கிய கோடிகளை எப்படிப் படிப்பது?

நிதியமைச்சர் பட்ஜெட் உரையை வாசிக்கும்போதே தொலைக்காட்சியில் கோடிகள் ஓடத் தொடங்கிவிடும். அந்தத் தொகையை மட்டும் பார்த்து ஒரு திட்டம் நம் வீட்டுக்கு வருமா வராதா என்று சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று வகுத்துப் பார்த்தால் நிறையவே தெரியும். அதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

மகளிர் உரிமைத் தொகையையே எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 20 அன்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் இதை அறிவித்தார். தகுதி வாய்ந்த குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய், தொடக்கம் செப்டம்பர் 15, ஒதுக்கீடு 7,000 கோடி. செப்டம்பர் முதல் மார்ச் வரை 7 மாதம். ஒருவருக்கு 7,000 ரூபாய். 7,000 கோடியை 7,000ஆல் வகுத்தால் ஒரு கோடிப் பேர். தமிழ்நாட்டில் அப்போது இருந்த ரேஷன் கார்டுகளோ 2 கோடிக்கும் மேல். ஆக, பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கிடைக்காது என்பது அன்றைக்கே அந்தத் தொகைக்குள் இருந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், ஆண்டுக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்ற நிபந்தனைகள் ஜூலையில்தான் வெளிவந்தன. பணத்தின் அளவு முன்பே முடிவாகிவிட்டது. யார் யார் என்பது பின்னால் வந்தது. "எல்லாருக்கும்னு சொன்னாங்களே" என்று முகாமில் ஏமாந்து நின்ற பெண்களிடம் இதை மார்ச்சிலேயே யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தொடர்ந்து வந்த ஆண்டுகளையும் இப்படியே பார்க்கலாம். 2024-25இல் 13,720 கோடி, 2025-26இல் 13,807 கோடி. அப்போது தொகை வாங்கிக்கொண்டிருந்த ஒரு கோடியே 15 லட்சம் பேருக்கு 12 மாதம் கொடுக்க 13,800 கோடி வேண்டும். அதாவது, ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் 2025 ஜூலை முதல் முகாம்களில் புதிய விண்ணப்பங்கள் வாங்கி, டிசம்பரில் புதியவர்களுக்கும் தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். பட்ஜெட்டில் போதாத பணத்தை ஆண்டின் நடுவில் பேரவையில் கேட்டுப் பெறுவதற்குத் துணை மானியக் கோரிக்கை என்று பெயர். அரசியலமைப்பின் 205ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. அதனால் மார்ச்சில் ஒதுக்கீடு குறைவாக இருந்தால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். இடையில் வரும் துணை மானியக் கோரிக்கைகளையும் பார்க்க வேண்டும்.

வீட்டுத் திட்டத்தில் கணக்கு நேரானது. கலைஞரின் கனவு இல்லத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம், ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடு, ஆகவே 3,500 கோடி. கல்லூரி மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 20 லட்சம் பேர் என்றும் 2,000 கோடி என்றும் சேர்த்துப் படித்தால் ஒருவருக்கு 10,000 ரூபாய்தான் வருகிறது. 20 லட்சம் என்பது இரண்டு ஆண்டுக்கான எண்ணிக்கை. 2,000 கோடி முதல் கட்டத்துக்கானது. எந்தத் தொகை எத்தனை ஆண்டுக்கு என்று பார்க்காமல் வகுத்தால் கணக்கு தப்பிவிடும்.

இனி, பலரும் புரட்டாத பக்கம். பட்ஜெட் ஆவணங்களில் ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையிலும் ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் எதிரே வரிசையாகத் தொகைகள் இருக்கும்: நடப்பு ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் உண்மையில் செலவான கணக்கு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதை இடையில் மாற்றியமைத்த திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. உரையில் உரக்கக் கேட்பது கடைசித் தொகை மட்டும். ஒரு திட்டத்துக்குப் போன ஆண்டு 100 கோடி ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 40 கோடியாகக் குறைத்து, இந்த ஆண்டு 90 கோடி அறிவித்தால், அது இரு மடங்குக்கும் மேலான தொகை என்றும் சொல்லலாம், குறைப்பு என்றும் சொல்லலாம். இரண்டையும்விட முக்கியம், 60 கோடி ஏன் செலவாகவில்லை என்ற கேள்வி. எனக்கு ஒரு திட்டத்தின் மீது நம்பிக்கை வருவதும் போவதும் இந்தத் திருத்திய மதிப்பீட்டைப் பார்த்துத்தான்.

ஒன்றிய அரசின் பங்கு சேர்ந்த திட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது ஏற்பாடு. தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான பிணக்கில் தமிழ்நாட்டுக்கு 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்றும், மாநிலம் சொந்த நிதியிலிருந்து சமாளித்தது என்றும் 2025-26 பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சொன்னார். இப்படிப்பட்ட திட்டங்களில் மாநில பட்ஜெட்டில் எழுதியிருக்கும் தொகையில் பெரும்பங்கு டெல்லியிலிருந்து வந்தால்தான் முழுமையாகும்.

உரையில் அறிவித்துவிட்டதாலேயே யாருக்கும் உரிமை வந்துவிடாது. பேரவை மானியக் கோரிக்கையை ஏற்க வேண்டும், நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற வேண்டும், பிறகு துறை அரசாணை வெளியிட வேண்டும். யாருக்கு, எவ்வளவு, என்ன சான்று, மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் அரசாணையில்தான் இருக்கும். உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அதைக் கடைசி நாள் வரை அறியாமல் போனவர்கள் பலர். ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் செய்தித்தாள் நறுக்கைவிட அரசாணையின் எண்ணையும் நாளையும் கையில் வைத்திருப்பது நல்லது.

மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றைத் தரும். போன ஆண்டு எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எவ்வளவு செலவழித்தோம் என்பது அதில் தமிழிலேயே இருக்கும். அரசின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் மாவட்டக் கணக்கு அதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இந்தத் திட்டத்துக்கு எங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, காத்திருப்போர் எத்தனை பேர் என்று மூன்று கேள்வி. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.