'அப்ரண்டிஸ்': பயிலுனரா, பழகுநரா?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பையனொருவனின் தாயிடம், மகன் இப்போது என்ன செய்கிறான் என்று திருகோணமலையில் கேட்டால், "அவன் கராச்சில வேலை பழகிறான்" என்று விடை வரும். கராச் முதலாளி அவனை 'அப்ரண்டிஸ் பொடியன்' என்பார். அதே பையன் சில மாதங்கள் கழித்து அரச பயிற்சித் திட்டமொன்றில் சேர்ந்தால், அவனுக்கு வரும் கடிதத்தில் 'பயிலுனர்' ஆகிவிடுவான். ஒரே ஆளுக்கு வழங்கும் இந்த மூன்று பெயர்களில் எது அவன் செய்கின்ற காரியத்தைச் சரியாகச் சொல்கிறது என்பதையே இங்கே பார்க்கப் போகிறோம்.

'அப்ரண்டிஸ்' ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கற்றல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியிலிருந்து அது பிறந்தது. அந்த வினையோ 'பற்றிப் பிடித்தல்' என்று பொருள்படும் 'அப்ரெஹெண்டெரே' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த 'அப்ரிஹெண்ட்' என்ற இன்னோர் ஆங்கில வினைக்கு, பொலிஸ் ஒருவனைப் பிடிப்பதும் பொருள், ஒரு விடயத்தை மனம் பிடிப்பதும் பொருள். இதில் தமிழருக்கு வியக்க ஒன்றுமில்லை. 'கள்ளன் பிடிபட்டான்' என்பதும், 'கணக்கு இன்னும் பிடிபடவில்லை' என்பதும் நாம் ஒரே நாளில் சொல்லக்கூடிய வாக்கியங்கள்தாம். தொழிலைக் கையால் பிடித்தே மனத்தால் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் இரு மொழிகளிலும் தனித்தனியே விளைந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இச்சொல்லுக்குச் சட்ட உருவம் தந்தது 1563ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டம். ஒரு தொழிலைச் செய்ய விரும்புபவர் குறைந்தது 7 ஆண்டுகள் ஒரு தொழிலாசானிடம் இருந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆசானுக்கும் பையனுக்கும் இடையிலான உடன்படிக்கையை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே பல்லுப்பல்லாக வெட்டிப் பிரித்து, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் பிணக்கு ஏற்பட்டால் இரண்டு பாதிகளின் பற்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். இந்தப் பல்வெட்டு உடன்படிக்கையின் 'இண்டெஞ்சர்' என்ற பெயர்தான் பின்னர் ஒப்பந்தக் கூலிமுறைக்கும் ஒட்டிக்கொண்டது.

இலங்கையில் தேசியத் தொழிற்பயிலுனர் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டத்தின் பின், நாம் சுருக்கமாக 'நைட்டா' என்று அழைக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை உருவானது. 'பயிலுனர்' என்ற சொல் இங்கே ஊன்றியதற்கு இந்தப் பெயர்ப்பலகை பெரிய காரணம். ஆனால், திருகோணமலையின் பட்டறைப் பேச்சு சட்டங்களை விடப் பழையது. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை கப்பற் பழுது வேலைகளோடு வாழ்ந்த நகரம் இது. டொக்யாட் வீதி என்ற பெயரே அதற்குச் சான்று. அதற்கும் முன் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 'பாஸ்' என்ற சொல், தலைமைத் தொழிலாளி என்னும் பொருளில் இன்றும் இங்கே வழங்குகிறது. ஒல்லாந்துச் சொல்லான அதுதான் ஆங்கிலத்துக்கும் சென்று அலுவலக மேலாளரைக் குறிக்கலாயிற்று. நம்மிடம் அது மேசனுக்கும் தச்சனுக்கும் மெக்கானிக்குக்கும் உரிய மரியாதைப் பெயராகவே தங்கிவிட்டது. பாசுக்குப் பெயர் இருந்த அளவுக்கு அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பையனுக்கு நல்ல பெயர் அமையவில்லை. 'கையாள்' என்பது கூலியைக் குறிக்கும். 'எடுபிடி' இழிவு. 'கற்றுக்குட்டி' கேலி.

இனி 'பயிலுனர்' என்பதைப் பார்ப்போம். முதலில் எழுத்து. வினையடியோடு 'நர்' சேர்ந்து செய்பவரைக் குறிப்பது தமிழின் பழைய வழக்கம்: பெறுநர், அனுப்புநர், ஓட்டுநர், இயக்குநர். 'இனர்' என்பது உறுப்பினர் போல பெயர்ச்சொல்லோடு சேர்வது. 'பயில்' வினையாதலால் 'பயிலுநர்' என்பதே முறை; 'பயிலுனர்' என்று அச்சாகும் அரச படிவங்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டவை. பயில்பவர் பயிலுநர், பயிற்றுபவர் பயிற்றுநர் என்று சிறியதோர் எழுத்து மாற்றத்தில் தன்வினையையும் பிறவினையையும் பிரித்துக் காட்டுவது மொழியின் அழகு. 'பயிற்சியாளர்' என்ற சொல்லுக்கு இந்தத் தெளிவு இல்லை. நகரில் ஒரு கடையின் கண்ணாடியில் 'பயிற்சியாளர்கள் தேவை' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து, கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறார்களா, கற்றுக்கொள்ள ஆள் தேடுகிறார்களா என்று விளங்காமல் நான் சிறிது நேரம் நின்றதுண்டு. சம்பளத்தைப் பற்றி ஒன்றும் எழுதப்படாததால் பின்னது என்று ஊகித்தேன்.

பொருளுக்கு வருவோம். 'நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு' என்ற குறளில் 'பயில்தொறும்' என்பதற்குப் படித்தல் என்பது பொருளன்று. நெருங்கிப் பழகுதல் என்பதே பொருள். நூலைப் படிப்பதற்கு அங்கே 'நவில்' என்ற வேறு சொல் இருக்கிறது. ஆகவே ஒருவருடன் கூடவே இருந்து, ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து தேர்தல் என்னும் பொருள் 'பயில்' என்பதற்கு ஒருகாலத்தில் நன்றாகவே இருந்தது. இன்றோ அச்சொல் வகுப்பறைக்குள் ஒடுங்கிவிட்டது. 'தரம் பத்தில் பயில்கிறார்' என்றுதான் எழுதுகிறோம். அதனால் 'பயிலுநர்' என்றதும் காதில் மாணவர் என்றே விழுகிறது. போதாக்குறைக்கு, 2020இல் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் அரச அலுவலகங்களில் சேர்த்துக்கொள்ளப்பட்ட பட்டதாரிகளும் 'பட்டதாரிப் பயிலுனர்' என்றே அழைக்கப்பட்டார்கள். கச்சேரியில் கோப்புப் பார்க்கும் பட்டதாரிக்கும், திருக்கடலூரில் படகு எஞ்சின் கழற்றும் பதினேழு வயதுப் பையனுக்கும் ஒரே பெயர் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பையனைச் சற்றுக் கிட்ட நின்று பார்த்தால் சொல்லும் தானே கிடைக்கும். முதல் சில வாரங்கள் அவனுக்கு ஸ்பனர் கொடுப்பதில்லை. கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கழன்ற வரிசையிலேயே சாக்கின்மேல் பரப்பி வைப்பதுதான் வேலை. வரிசை பிசகினால் திரும்பப் பூட்டும்போது ஏச்சு விழும். பின்னர் பாஸ் எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். பையன் அதில் ஸ்பனரை வைக்க வேண்டும். பன்னிரண்டா, பதினாலா என்று அவன் கேட்பதை நிறுத்திய நாளில் வேலை பிடிபடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இடைக்காலத்தில் பாடம் என்று எதுவும் நடக்கவில்லை. கை இரும்புக்கும், கண் பாசின் கைக்கும், உடம்பு அந்த இடத்துக்கும் பழகியிருக்கின்றன.

'பழகு' என்ற வினைக்குத் தமிழில் இத்தனை பக்கங்கள் உண்டு. ஆளோடு பழகலாம், கருவியைப் பழகலாம், புதுச் செருப்பும் காலுக்குப் பழகும். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்ற அடியைச் சொல்லாத வாத்தியார் இல்லை. பழமை, பழைய என்பவற்றோடு வேர் உறவுடைய சொல்லாதலால் நாள் செல்லவேண்டும் என்ற குறிப்பும் அதிலேயே அடங்கியிருக்கிறது. 7 ஆண்டு என்று சட்டம் போட்டவர்கள் சொல்ல வந்ததும் அதைத்தான். தமிழ்நாட்டில் இச்சொல்லை ஏற்கெனவே கையாண்டு வருகிறார்கள். அங்கே அரச போக்குவரத்துக் கழகங்களின் விளம்பரங்களில் 'தொழிற்பழகுநர்' என்றும், வாகனம் ஓட்டப் பழகுபவருக்கான அனுமதியில் 'பழகுநர் உரிமம்' என்றும் வரும். அது இந்தியத் தமிழ், நமக்கு ஒட்டாது என்று சிலர் சொல்லக்கூடும். நமது தாய்மார் நாள்தோறும் சொல்லும் வினையிலிருந்து பிறந்த பெயர் எப்படி அயலாகும் என்று விளங்கவில்லை.

'இன்டர்ன்ஷிப்' என்பதற்கு வழங்கும் 'உள்ளகப் பயிற்சி' என்பது வேறு. மருத்துவமனைக்குள்ளேயே தங்கிப் பணிபுரிந்த இளம் மருத்துவர்களுக்குப் பிரெஞ்சில் வழங்கிய 'உள்ளிருப்பவர்' என்ற சொல்லின் நேர் பெயர்ப்பு அது. மருத்துவருக்கு அது பொருந்தும். உப்புவெளி ஹோட்டலொன்றில் மூன்று மாதம் வேலை பார்க்கும் மாணவிக்கு 'பணிப்பயிற்சி' என்பதே போதும்.

ஆகவே, தொழிலாசானிடமோ வேலைத்தலத்திலோ இருந்து கைத்தொழிலைக் கற்பவர் 'தொழில் பழகுநர்'. நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் வகுப்பும் பாடவிதானமுமாகச் சேர்ந்திருப்பவர் 'பயிலுநர்' என்று பிரித்து வழங்கலாம் என்பது என் கருத்து. இந்தப் பிரிவு வெறும் அகராதி வேலை அன்று. தொழில் திறனுக்குச் சான்றிதழ் வழங்கும் 'தேசிய தொழிற் தகைமை' முறை 7 மட்டங்களைக் கொண்டது. வகுப்புக்கே போகாமல் பட்டறையில் தொழில் கற்றவரும் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற வழியில் மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்டி 3ஆம், 4ஆம் மட்டச் சான்றிதழ்களைப் பெறலாம். 'முன்கற்றல்' என்று படிவம் சொல்வது, பையனின் மொழியில் அவன் பழகிய வேலைதான். பயிலுனர் என்றால் பயிற்சி நிலையத்துக்குப் போனவர் மட்டும் என்று எண்ணி, இந்த வழி தனக்கில்லை என்று ஒதுங்கிய மெக்கானிக்குகள் சிலரோடு பேசியிருக்கிறேன்.

எழுதும் முறை பற்றி ஒரு சொல். 'தொழிற்பழகுநர்' என்று சேர்த்து எழுதுவதும் வழக்கில் உண்டு. தொழிலைப் பழகுபவர் என்று இரண்டாம் வேற்றுமை தொக்கு நிற்பதால், 'பால் குடித்தான்' என்பதில் ல் திரியாதது போல இங்கேயும் திரியாமல் 'தொழில் பழகுநர்' என்று விட்டு எழுதலாம். விண்ணப்பத்தில் எழுதும் பையனுக்கும் இதுவே எளிது.