கடலும் கடலூரும் ஒன்றாகிப்போன பட்டியல்

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்து என்னிடம் மொழியியல் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், மீனவர்களின் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, உரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் காட்டும் ஆண்ட்கான்க் (AntConc) மென்பொருளில் ஏற்றினார். சொல் பட்டியலின் உச்சியில் 'கடல' என்று நின்றது. அதன் கீழே 'ர', 'ல' என்று ஒற்றை எழுத்துகள். கடலைப் பற்றித்தானே பேசினார்கள், அதனால் வந்திருக்கும் என்று நம்பி அத்தியாயமே எழுதத் தொடங்கிவிட்டார்.

ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆந்தனி உருவாக்கி இலவசமாகத் தரும் நல்ல கருவி அது. சிக்கல் எங்கே என்றால், கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையான யூனிகோடு கணக்கில் நம் புள்ளியும் காலும் கொம்பும் 'எழுத்து' வகையில் சேராது. அவை 'குறி' என்ற தனி வகை. எழுத்தை மட்டும் எண்ணும்படி அமைப்பு இருந்தால், குறி வரும் இடமெல்லாம் சொல் அறுந்துவிடும். கடல் 'கடல' ஆகும். கடலூர் 'கடல', 'ர' என்று இரண்டாகும். கடலில் என்பதும் 'கடல', 'ல' ஆகும். சொல் வரையறை அமைப்பில் 'மார்க்' (குறி) வகையையும் சேர்த்து, ஏற்றிய உரைகளின் தொகுப்பை மறுபடி உருவாக்கினால் சொற்கள் முழுதாக வரும். தமிழில் வேலை செய்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

சரி, அப்புறம்? 'கடல*' என்று தேடினால் (பின்னால் எது வந்தாலும் சரி என்பதற்கு அந்த நட்சத்திரக் குறி) கடல், கடலில், கடலோரம் எல்லாம் கிடைக்கும். கூடவே கடலூரும் வரும். கடற்கரை வராது. புணர்ச்சியில் ல் போய் ற் வந்துவிட்டதால் அதைத் தனியாகத் தேட வேண்டும். 'கடலை' என்று இருந்தால், கடலைப் பார்த்தாரா, கடலை தின்றாரா? எண்ணிக்கை அதைச் சொல்லாது. முன்பின் சொற்களோடு வரிகளைக் காட்டும் பகுதியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். நாங்கள் இருவரும் இரண்டு மாலை உட்கார்ந்து படித்தோம். அத்தியாயத்தை அவர் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

எனக்கு அதிகக் கவலை வேறொன்றில். இதே போன்ற இன்னொரு உரை ஆய்வுக் கருவியான வாயண்ட் டூல்ஸ் (Voyant Tools) உலாவியிலேயே இயங்கும், பழகவும் எளிது. ஆனால் நாம் ஏற்றும் உரை எங்கோ உள்ள சர்வருக்குப் போகிறது. கடன், வலை, குடும்பச் சண்டை என்று நம்மை நம்பிச் சொன்னவர்களின் பேச்சை அப்படி அனுப்பக் கூடாது. நம் கணினியிலேயே இயக்கும் வாயண்ட் பதிப்பும் இலவசம்தான். ஆண்ட்கான்குக்கோ, நிறுவிய பிறகு இணையமே வேண்டாம். எதில் ஏற்றினாலும், ஆட்களின் பெயர்களையும் படகு எண்களையும் முதலில் எடுத்துவிடுங்கள்.