கழுத்து ஆபரேஷனில் எலும்பு வளர்க்கும் புரதம்: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கழுத்து ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடலாமே என்று என்னிடம் வருகிறவர்கள் எஸ்டிமேட் தாளையும் கையோடு கொண்டுவருவார்கள். பிளேட், ஸ்க்ரூ, கேஜ் (டிஸ்க் இருந்த இடத்தில் வைக்கும் சிறு கூடு) என்று வரிசையாக இருக்கும். சில தாள்களில் 'பி.எம்.பி.' என்று இன்னொரு வரியும் இருக்கும். எலும்பு வளர்க்கும் புரதத்தின் ஆங்கிலச் சுருக்கம் அது. அது என்னவென்று கேட்டீர்களா என்றால், "எலும்பு சீக்கிரம் ஒட்டுறதுக்கு மருந்துன்னு சொன்னாங்க டாக்டர்" என்பார்கள். சொன்னது சரிதான். ஆனால் கழுத்தைப் பொறுத்தவரை அது பாதி விவரம்தான்.

கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு, மேலும் கீழும் உள்ள இரண்டு எலும்புகளை ஒன்றாக இணைப்பதுதான் இந்த ஆபரேஷன். பிளேட்டும் ஸ்க்ரூவும் கொஞ்ச காலம் அசையாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நிரந்தரமாகப் பிடிக்க வேண்டியது நடுவில் வளரும் எலும்பு. அதற்காக நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைப்பது பழைய வழக்கம். கழுத்து வலி போய், எலும்பு எடுத்த இடுப்பு மாதக்கணக்கில் வலித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வேதனையைத் தவிர்க்க வந்ததுதான் இந்தப் புரதம். சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு உருவாகிறது என்று 1965இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். எலும்புக்குள் இருக்கும் ஒரு புரதம்தான் அதற்குக் காரணம். பிற்பாடு அதை மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்து, கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து, எலும்பு ஒட்ட வேண்டிய இடத்தில் வைக்கத் தொடங்கினார்கள். 2002இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது. கவனியுங்கள், அந்த அனுமதி கீழ் முதுகுக்கு, அதிலும் வயிற்றுப் பக்கமாகச் செய்யும் ஒரு குறிப்பிட்ட ஆபரேஷனுக்கு மட்டும். ஆனால் சந்தைக்கு வந்த பொருளை உடலின் வேறு இடத்திலும் பயன்படுத்த அங்குள்ள மருத்துவர்களுக்கு உரிமை உண்டு. அப்படித்தான் இது கழுத்துக்கும் போனது.

இந்தப் புரதம் எலும்பை வளர்ப்பதோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள சதையை வீங்கவும் வைக்கும். கீழ் முதுகில் கொஞ்சம் வீங்கினால் இடம் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் அப்படியில்லை. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் அந்த எலும்பை ஒட்டியே இறங்குகின்றன. 2006இல் வெளிவந்த ஒரு ஆய்வில், முன்பக்கக் கழுத்து ஆபரேஷனில் இதை வைத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் கவலைப்படும் அளவுக்கு வீக்கம் வந்தது. வைக்காதவர்களில் அது 3.6 சதவீதம். 2008 ஜூலையில் எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கையே விட்டது. நான்கு வருடங்களில் குறைந்தது 38 பேருக்குக் கழுத்தில் சிக்கல் என்று தகவல் வந்திருந்தது. சிலருக்குத் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது நாள் கணக்கு. அந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை ஆபரேஷன் முடிந்து 2 முதல் 14 நாட்களுக்குள் வந்தவை. வழக்கமான வீக்கம் முதல் ஓரிரு நாளில் வரும், அப்போது பக்கத்தில் நர்ஸ் இருப்பார். இது வரும்போது நோயாளி பெரும்பாலும் வீட்டில் இருப்பார். ஆபரேஷன் பண்ணின தொண்டை, வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

இந்த ஆபத்து ஏன் முன்பே தெரியவில்லை? 2011இல் ஒரு மருத்துவ இதழ், தயாரிப்பு நிறுவனத்தின் பணத்தில் நடந்த 13 ஆய்வுகளை மறுபடி அலசியது. இந்தப் புரதம் பெற்ற 780 பேரில் ஒருவருக்குக்கூட இதனால் பாதிப்பு இல்லை என்று அவை எழுதியிருந்தன. பிறகு தயாரிப்பாளரான மெட்ரானிக் மூலத் தரவுகளை யேல் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. அதை ஆராய்ந்த இரண்டு தனிக் குழுக்கள் 2013இல் முடிவை வெளியிட்டன. எலும்பு ஒட்டுவது கூடினாலும், வலி குறைவதில் நோயாளி உணரும்படி பெரிய வித்தியாசம் இல்லை என்றது ஒரு குழு.

அதற்காக இந்தப் புரதமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் செய்தும் எலும்பு ஒட்டாதவர்கள், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்து எலும்பு பலவீனமானவர்கள், பின்பக்கமாகப் பல எலும்புகளை இணைக்க வேண்டியவர்கள், இவர்களுக்கு யோசித்துப் பயன்படுத்தலாம். பின்பக்கத்தில் மூச்சுக்குழாய் நெருக்கடி குறைவு. ஆனால் புண்ணில் நீர் கோர்ப்பதும், நரம்பு எரிச்சலும் அங்கேயும் வரலாம். புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்திலும், கர்ப்பிணிகளுக்கும் கூடவே கூடாது. ஆரோக்கியமான ஒருவருக்கு முன்பக்கமாக ஒரே ஒரு டிஸ்க் என்றால், இது இல்லாமலேயே பெரும்பாலும் ஒட்டிவிடும். அங்கே நான் இதை வைப்பதில்லை. புகைப்பவர் என்றால் முதலில் சிகரெட்டை நிறுத்தச் சொல்கிறேன், எலும்பு ஒட்டவிடாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே தாளில் அந்த வரி இருந்தால், ஆபரேஷன் முன்பக்கமா பின்பக்கமா, எனக்கு ஏன் இது தேவை, இதற்குப் பதில் வேறு என்ன வைக்கலாம் என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம்.

முன்பக்கமாக இதை வைத்துத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டது என்றால், வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் நோயாளியின் அறையில் யாராவது ஒருவர் கூடப் படுத்துக்கொள்ளுங்கள். விழுங்குவது நாளுக்கு நாள் கஷ்டமாகிறதா, குரல் மாறுகிறதா, எச்சில் வழிகிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு, "கழுத்தில் பி.எம்.பி. வைத்திருக்கிறார்கள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வீக்கம் முற்றிவிட்டால் மூச்சுவிட உதவும் டியூபை உள்ளே போடுவதே சிரமமாகிவிடும், அங்கிருக்கும் டாக்டருக்கு அந்த விவரம் உடனே தெரிய வேண்டும்.