பட்டியலுக்கும் ஒரு வரலாறு உண்டு

ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். "சார், லிஸ்ட்ல ஓ நெகட்டிவ்னு இருக்கிற நாலு பேரைக் கூப்பிட்டோம், நாலு பேரும் இல்லைங்கறாங்க." ரத்த தானம் செய்பவர்களின் பட்டியல் அது. ஒரு தன்னார்வக் குழு கூகுள் ஷீட்டில் போட்டு, லிங்க் இருந்தால் யாரும் திருத்தலாம் என்று வாட்ஸ்அப்பில் விட்டிருந்தது. திறந்து பார்த்தால், யாரோ பெயரும் போன் நம்பரும் இருந்த இரண்டு பத்திகளை மட்டும் பிடித்து அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார். ரத்தப் பிரிவு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது, அதனால் ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் பிரிவு. ரத்த வங்கியில் எப்படியும் பரிசோதிப்பார்கள், அதனால் ஆபத்து இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அரை மணி நேரம் போனது போனதுதான்.

ஷீட் தானாகச் சேமித்து வைக்கும் பதிப்பு வரலாற்றிலிருந்து பழைய பதிப்பை மீட்க இரண்டு நிமிடம் ஆனது. நடுவில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேரைக் கையால் மறுபடி ஏற்றினேன். அப்படி ஒரு வசதி இருப்பதே குழுவில் யாருக்கும் தெரியவில்லை.

1995இல் வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியை, அதாவது படிப்பவரே திருத்தக்கூடிய இணையதளத்தை, திறந்துவிட்டபோது யாரும் திருத்தலாம் என்றார், சரி. இன்றைய விக்கி அதைத் தாங்குவது, யாரும் பழையபடி ஆக்கலாம் என்பதால்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு இருக்கும், பேசித் தீர்க்க உரையாடல் பக்கம் இருக்கும், மாற்றம் வந்தால் கவனிக்க ஆள் இருப்பார். நாமோ கதவைத் திறந்து வைப்பதை மட்டும் காப்பியடித்துவிட்டு, வாசலில் ஆள் போட மறந்துவிடுகிறோம்.

இப்போது நான் அமைத்துக் கொடுப்பது இப்படித்தான்: திருத்தும் உரிமை மூன்று பேருக்கு, மற்றவர்கள் கூகுள் ஃபார்மில் நிரப்பட்டும், ஷீட்டில் மாற்றம் நடந்தால் மூவருக்கும் மெயில். கடைசியாக ரத்தம் கொடுத்த தேதிக்கு ஒரு பத்தி கட்டாயம், ஏனென்றால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். அந்தத் தேதி இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு போன் போடுவது வீண் வேலை.

அப்புறம் போன் நம்பர். பட்டியலில் இருந்த ஒரு பெண், வேண்டாத அழைப்புகள் வருகின்றன, என் நம்பரை எடுத்துவிடுங்கள் என்றார். உடனே அழித்தார்கள். ஆனால் அன்று ராத்திரி நம்மைக் காப்பாற்றிய அதே வரலாற்றில் அந்த நம்பர் பத்திரமாக உட்கார்ந்திருந்தது, திருத்தும் உரிமை உள்ள எவரும் பின்னால் போய்ப் பார்க்கலாம். ஷீட்டை நகலெடுத்தால் பழைய பதிப்புகள் அதோடு சேர்ந்து வராது. அதனால் நகல் எடுத்து, நம்பர்களைத் தனி ஷீட்டில் ஒரே ஒருவர் பொறுப்பில் வைத்து, பழையதன் பகிர்வை நிறுத்தி, குப்பைத் தொட்டியிலிருந்தும் நிரந்தரமாக நீக்கினோம். யாராவது முன்பே தரவிறக்கி வைத்திருந்தால் அதற்கு வழியில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். பழைய லிங்க் இன்னும் இரண்டு குரூப்பில் சுற்றுகிறது. தட்டினால் ஒன்றும் திறக்காது.