அசையாத தசை எல்லாம் செத்த தசை அல்ல

மாரடைப்பு வந்து மூன்று மாதம் கழித்து ஒரு கடற்தொழிலாளி ஐயா திருகோணமலையில் என் கிளினிக்குக்கு வந்தார். நெஞ்சு இறுகிய அன்று வாயு என்று நினைத்து, இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு ஐந்து மணித்தியாலம் வீட்டிலேயே இருந்திருக்கிறார். எக்கோ என்ற இதய ஒலி அலைப் பரிசோதனையில் இதயத்தின் முன்சுவர் சரியாக அசையவில்லை. "அந்தப் பக்கம் செத்துப்போச்சு டொக்டர், இனி வள்ளத்தில ஏறேலாது" என்றார்.

அப்படி முடிவு கட்டக்கூடாது. அடைப்பு நீங்கிய பின்னும் சில தசைகள் நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் திகைத்து நிற்கும். வேறு சில, ஒடுங்கிய இரத்தக் குழாயால் வரும் கொஞ்ச இரத்தத்தில் வேலையைக் குறைத்து உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கும். சாதாரண எக்கோவில் இவையும் இறந்த தசை போலவே தெரியும்.

எம்.ஆர்.ஐ. இங்கேதான் உதவுகிறது. கடோலினியம் என்ற மருந்தைக் கையில் ஏற்றி, 10 முதல் 20 நிமிடம் கழித்துப் படம் எடுப்பார்கள். நல்ல தசையிலிருந்து மருந்து வெளியேறிவிடும்; வடுவில் தேங்கி நின்று வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பின் வடு சுவரின் உட்பக்கத்தில் தொடங்கும். குழாய் அடைபட்டிருக்கும் நேரம் நீள நீள அது வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். வெள்ளை சுவர்த் தடிப்பில் எவ்வளவு பங்கு என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. பாதிக்குக் குறைவு என்றால், குழாயைத் திறந்தபின் அந்த இடம் மீண்டும் அசைய நல்ல வாய்ப்பு உண்டு. முழுத் தடிப்பும் வெள்ளை என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. 2000ஆம் ஆண்டில் வெளியான சிக்காகோ ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது.

ஐயா வெளியூர் போய் ஸ்கேன் எடுத்து வந்தார். வெள்ளை, மூன்றில் ஒரு பங்கு. படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அண்டைக்கே வந்திருந்தா இதுவும் இருந்திராது, என்ன?" என்று கேட்டார். குறைவாக இருந்திருக்கும் என்றேன். அப்புறம் ஒடுங்கிய குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். இப்போது அந்தச் சுவர் அசைகிறது.

இந்த ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படுத்திருந்து, சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும். ஸ்டென்ட் இருந்தாலும் பெரும்பாலும் எடுக்கலாம். பேஸ்மேக்கர் இருந்தாலோ சிறுநீரகம் பழுதாகியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். சலரோகம் உள்ளவர்களுக்கு நெஞ்சுநோவே இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீர் மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை என்றாலும் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.