ரோபோவுக்கு உம் கொட்டத் தெரியுமா?

“பேசி முடிப்பதற்குள் குறுக்கே பாய்கிறது, முடித்த பிறகோ மரம் மாதிரி நிற்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் ரோபோவுக்கு இது மட்டும் ஏன் வரவில்லை?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

என்ன பேசுவது என்பது ஒரு வேலை, எப்போது வாயைத் திறப்பது என்பது வேறு வேலை. முதலாவதில் ரோபோக்கள் வெகுதூரம் வந்துவிட்டன. இரண்டாவது இன்னும் தடுமாற்றம்தான்.

நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் பத்து மொழிகளின் அன்றாடப் பேச்சை அளந்தார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, கேள்வி முடிந்து பதில் தொடங்கும் வரையிலான இடைவெளியைக் கணக்கிட்டார்கள். சராசரி சுமார் 200 மில்லி நொடி. ஜப்பானியரிடம் இடைவெளியே இல்லை எனலாம். டேனிஷ் பேசுபவர்களுக்கு அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால் நாம் வாய் திறக்கவே 600 மில்லி நொடி ஆகிறது. பிறகு எப்படி 200இல் பதில்? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து, பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

பெரும்பாலான ரோபோக்கள் கணிப்பதில்லை. மைக்கில் வரும் ஒலியை 10 முதல் 30 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் குரல் இருக்கிறதா என்று பார்க்கின்றன. தொடர்ந்து 700 மில்லி நொடியோ ஒரு நொடியோ குரல் இல்லையென்றால் பேச்சு முடிந்ததாக முடிவு கட்டுகின்றன. பேச்சை எழுத்தாக்குவது, பதில் தயாரிப்பது, அதைக் குரலாக்குவது எல்லாம் இதற்கு மேல். அந்த மௌன அளவைக் குறைத்தால் யோசித்து யோசித்துப் பேசும் பெரியவர்களை ரோபோ வெட்டிவிடும். கூட்டினால் மந்தமாகிவிடும். எந்த எண்ணும் சரிப்படாது, ஏனென்றால் ஒருவர் தன் வாக்கியத்துக்கு நடுவே விடும் மௌனம், இருவர் பேச்சுக்கு இடையே விழும் மௌனத்தைவிடப் பல நேரம் நீளமானது.

சொற்களைக் கவனித்தால் என்ன? தமிழ் இங்கே கை கொடுக்கிறது. “கடைக்குப் போய்…” என்று நிறுத்தினால் பேச்சு முடியவில்லை. “போனேன்” என்றால் முடிந்தது. பள்ளியில் படித்த வினையெச்சமும் வினைமுற்றும்தான். ஆனால் பேச்சுத்தமிழ் அத்தனை ஒழுங்கில்லை. “அவ வந்தா” என்பது வந்தாள் என்றும் ஆகும், வந்தால் என்றும் ஆகும். எழுத்தாக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. குரல் தணிகிறதா, தொங்கி நிற்கிறதா என்பதுதான் வேறுபடுத்துகிறது. கண்ணும் பேசும். பேசத் தொடங்குபவர் பார்வையை விலக்கி, முடிக்கும்போது கேட்பவர் பக்கம் திருப்புவார் என்று உரையாடல் ஆய்வாளர் ஆடம் கெண்டன் 1967லேயே எழுதினார். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிந்தியா பிரசீல் உருவாக்கிய கிஸ்மத் ரோபோ இதைச் செய்து காட்டியது: தன் முறை நீடிக்கும்வரை பக்கவாட்டில் பார்க்கும், முடிந்ததும் புருவத்தை உயர்த்தி நம் கண்ணைப் பார்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ஸ்வீடனின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் எரிக் எக்ஸ்டெட், கேப்ரியல் ஸ்கான்ட்சே இருவரும் 2022இல் வெளியிட்டது. அவர்களுடைய மாடல், அதாவது ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகிய கணினி நிரல், மௌனத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு கணமும் அடுத்த இரண்டு நொடியை ஊகிக்கிறது. அந்த இரண்டு நொடியை 200, 400, 600, 800 மில்லி நொடி என்று நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். அருகில் உள்ள எதிர்காலத்துக்குச் சின்னக் கட்டம், தள்ளி உள்ளதற்குப் பெரிய கட்டம். பேசுபவர் இருவர், ஆக எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அவர் குரல் இருக்கும் அல்லது இருக்காது. இரண்டின் எட்டாம் அடுக்கு: மொத்தம் 256 கோலங்கள். எந்தக் கோலம் எவ்வளவு சாத்தியம் என்று சொல்வதுதான் மாடலின் வேலை. இப்போது பேசுபவர் வரிசையில் முதல் கட்டம் மட்டும் நிரம்பி, மற்றவர் வரிசையில் பின் கட்டங்கள் நிரம்பினால் முறை மாறப்போகிறது. இப்போது பேசுபவர் வரிசை முழுக்க நிரம்பி, மற்றவரிடம் ஒரே ஒரு கட்டம் நிரம்பினால் அது உம் கொட்டல்.

இதற்குப் பயிற்சி கொடுக்க யாரும் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டியதில்லை. ஒலிப்பதிவில் அடுத்து வரும் இரண்டு நொடியே விடைத்தாள். ஒரே நிபந்தனை, இருவர் குரலும் தனித்தனித் தடத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அவர்கள் ஆங்கிலத் தொலைபேசி உரையாடல்களைப் பயன்படுத்தினார்கள். தமிழுக்கும் இது வேண்டுமென்றால் ஆளுக்கொரு மைக் மாட்டி, மதுரைப் பேச்சையும் யாழ்ப்பாணப் பேச்சையும் பல நூறு மணிநேரம் பதிய வேண்டும். திறப்பு விழாவில் வணக்கம் சொல்ல ரோபோ வாங்கும் காசை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

மாடல் நன்றாக இருந்தும் காரியம் கெடும் இடங்கள் உண்டு. ரோபோவின் குரல் அதன் மைக்கிலேயே திரும்ப விழும். எதிரொலி நீக்கம் சரியில்லையென்றால் தனக்குத்தானே பதில் சொல்லத் தொடங்கும். கழுத்து மோட்டாரின் இரைச்சலையும் பேச்சென்று எண்ணிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை நம்முடைய “ம்”. கதை கேட்பவர் உம் கொட்டினால் சொல்பவருக்கு உற்சாகம். ரோபோவோ குறுக்கீடு என்று நினைத்து நடுவாக்கியத்தில் நின்றுவிடும். அரை நொடிக்குக் குறைவான ஒலிகளைக் கணக்கில் எடுக்காதே என்று விதி வைத்தால் “இல்ல”, “நிறுத்து” என்பவையும் காதில் ஏறாது.

இன்னொரு பக்கம், ரோபோ மின்னல் வேகத்தில் பதில் சொல்வதையும் மக்கள் அவ்வளவாக ரசிப்பதில்லை. ஜப்பானின் ஏடிஆர் ஆய்வகம் 2008இல் நடத்திய சோதனையில் ஒரு நொடி கழித்து வந்த பதிலுக்கே அதிக விருப்பம். தாமதம் இன்னும் கூடும்போது, “அது வந்து…” என்று நாம் இழுப்பது போன்ற “எத்தோ” என்ற ஜப்பானிய ஒலியை இடையில் போட்டால் எரிச்சல் குறைந்தது.

கண்காட்சியில் எந்த ரோபோவாவது தடங்கலே இல்லாமல் உரையாடினால் உடனே அதற்கு உயிர் வந்துவிட்டது என்று வியக்க வேண்டாம். திரைக்குப் பின்னால் ஒருவர் இருந்து இயக்குவது ஆய்வகங்களில் வழக்கமான சோதனை முறையே. அங்கே பிறகு உண்மையைச் சொல்லிவிடுவார்கள், மேடையில் சொல்வதில்லை. நீங்களே சோதிக்கலாம். “எனக்கு வந்து…” என்று சொல்லிவிட்டு இரண்டு நொடி சும்மா நில்லுங்கள். மௌனத்தை மட்டும் அளக்கும் ரோபோ பாய்ந்துவிடும். பின்னால் ஆள் இருந்தால் காத்திருப்பார்.