பட்டனை அழுத்தியபின் எங்கே நின்றது?

வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் முதலில் வரும் யோசனை, "விண்டோஸ் போயிருக்கும், ஃபார்மட் பண்ணிடலாம்" என்பதுதான். திரையில் ஒரு எழுத்துகூட வராத கம்ப்யூட்டரில் விண்டோஸுக்கு இன்னும் முறையே வரவில்லை. அதன்மேல் பழி போட்டு என்ன பயன்? பட்டனை அழுத்துவதற்கும் விண்டோஸ் தலைகாட்டுவதற்கும் நடுவே பல வேலைகள் வரிசையாக நடக்கின்றன. ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. எதுவரை வந்து நின்றது என்று கவனித்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டெஸ்க்டாப் கேபினட்டின் முன்பக்கப் பட்டன், டியூப்லைட் சுவிட்சைப் போல மின்சாரத்தை நேரடியாக இணைப்பதில்லை. பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டதுமே, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடும். பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு பச்சை ஒயர் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸிடம் "ஆரம்பி" என்கிறது. அப்புறம்தான் 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்கள் வருகின்றன. அவை வந்தவுடன் பிராசஸர் ஓடத் தொடங்குவதும் இல்லை. மின்னழுத்தம் ஏறக்குறைய 5 சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் நிலைப்பட்ட பிறகு, எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற ஒயரில் "எல்லாம் சரி" என்று ஒரு சிக்னல் அனுப்பும். இதற்கு 100 முதல் 500 மில்லிசெகண்ட் ஆகும். அந்தச் சிக்னல் வரும்வரை பிராசஸரை மதர்போர்டு பிடித்து வைத்திருக்கும்.

"ஃபேன் எல்லாம் நல்லா சுத்துது, ஆனா ஒண்ணும் வரல" என்ற புகாருக்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது. ஃபேனுக்கு 12 வோல்ட் மட்டும் போதும், அதுவும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சுற்றும். எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஃபேன் ஒரு நொடி சுற்றி உடனே நின்றால், எங்கோ ஷார்ட் ஆகி எஸ்எம்பிஎஸ் தற்காப்புக்காகத் தன்னை அணைத்துக்கொண்டிருக்கலாம். காலையில் முதல் தடவை ஆன் ஆகாமல் மூன்றாவது நான்காவது அழுத்தலில் உயிர் வந்தால், உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். சூட்டில் வருடக்கணக்கில் இருந்தால் அவற்றின் திறன் குறைந்துபோகும். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி, ஏராளமான மதர்போர்டுகள் தலை உப்பிச் செத்தன. பழைய போர்டு என்றால் கெப்பாசிட்டர்களின் மேல்பகுதி உப்பியிருக்கிறதா என்று இன்றும் பார்க்கலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. நம் 230 வோல்ட் லைனில் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே நிற்கும்.

சரி, பிராசஸர் விடுபட்டுவிட்டது. அது முதலில் படிப்பது ஹார்ட் டிஸ்க்கை அல்ல, மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன ஃபிளாஷ் சிப்பை. அதில்தான் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் முதல் நிரலான பயாஸ் இருக்கிறது. இந்த நேரத்தில் வேலை நினைவகமான ராம் இன்னும் பயன்படுத்தும் நிலையில் இல்லை என்பதுதான் வேடிக்கை. அதனால் பயாஸ், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தைத் தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு ராம் தகட்டோடும் பேசிப் பார்த்து, சிக்னல்கள் வந்துசேரும் நேரத்தை நானோசெகண்டின் சிறு பகுதி அளவுக்குத் துல்லியமாகச் சரிசெய்கிறது. புதிய டிடிஆர்5 ராம் போட்ட கம்ப்யூட்டர்களில் முதல் தடவை இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கும். புதுக் கம்ப்யூட்டர் செத்துப்போய்விட்டது என்று பயந்து நடுவில் அணைத்துவிடுபவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்தால் தானே வரும்.

திரையே வராத கோளாறில் நான் முதலில் சந்தேகப்படுவது ராமைத்தான். ஒரு டிடிஆர்4 தகட்டில் 288 பின்கள் இருக்கின்றன. தூசியாலோ ஈரப்பதத்தாலோ முக்கியமான ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால்கூடப் போதும், எல்லாம் நின்றுவிடும். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. அது மூடநம்பிக்கை இல்லை, உண்மையிலேயே பலன் தருகிறது. ஆனால் பாதி நேரம் பலன் தருவது தேய்த்தது அல்ல, கழற்றி மாட்டியதுதான் என்பது என் எண்ணம். பின்களின் மேல் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது, எனவே மென்மையான ரப்பரால் லேசாகத் துடைத்தால் போதும். உப்புத்தாள் கிட்டவே வரக்கூடாது. ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி. பிளக்கைக் கழற்றி, பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மீதி மின்சாரத்தை வடியவிட்ட பிறகுதான் எதையும் தொட வேண்டும். இரண்டு தகடுகள் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்லது.

திரை வருவதற்கு முன்பு மதர்போர்டுக்கு வாய் என்று ஒன்று உண்டென்றால் அது பீப் ஒலிதான். ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறும் பீப்பும் வந்தால், அவார்ட் நிறுவனத்தின் பயாஸில் கிராஃபிக்ஸ் கார்டில் சிக்கல் என்று அர்த்தம். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தக் கணக்கு மாறும், மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய கேபினட்களில் அந்தக் குட்டி ஸ்பீக்கர் பெரும்பாலும் இருப்பதில்லை. பதிலாகப் பல போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் வண்டி நிற்கிறது. ஸ்பீக்கர் இருந்தால் ஒரு நல்ல சோதனை செய்யலாம். எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டு பீப் அடித்துக் கத்தினால் சந்தோஷப்படலாம், பிராசஸர் உயிரோடு பயாஸைப் படித்துக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் சந்தேகம் மின்சாரம், மதர்போர்டு, பிராசஸர் பக்கம் திரும்பும்.

மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டுத் தவிப்பவர்களும் உண்டு. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் கூடவே அழிந்து, எந்த டிஸ்க்கை எப்படிப் படிப்பது என்ற விவரமும் மாறிவிடும். நேற்றுவரை ஓடிய விண்டோஸ் திடீரென்று கிடைக்காமல் போக இதுவும் ஒரு காரணம். குறைந்த செலவில் முடியும் பழுது.

"பூட் டிவைஸ் இல்லை" என்ற செய்தி வந்தால், அதைச் சொல்வது பயாஸ். அதாவது மின்சாரம், பிராசஸர், ராம், திரை எல்லாம் தேறிவிட்டன. பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில்தான் அடுத்த படி இருந்தது. அதிலும் நிரலுக்குக் கிடைத்த இடம் 446 பைட் மட்டுமே. பயாஸின் புதிய வடிவமான இன்றைய யுஇஎஃப்ஐ முறையில் அதற்கென்று டிஸ்க்கில் தனிப் பகுதியே (பார்ட்டிஷன்) இருக்கிறது. முதலில் செருகி மறந்துபோன பென் டிரைவ் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் பெரும்பாலும் மென்பொருள் கோளாறு. தெரியாவிட்டால் கேபிள் அல்லது டிஸ்க். ஹார்ட் டிஸ்க் "டக் டக்" என்று அடித்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் உள்ளே இருக்கும் குடும்பப் படங்கள் மீட்க முடியாதபடி போகலாம்.

விண்டோஸ் சின்னம் வந்து, பிறகு நீலத் திரையோ ரீஸ்டார்ட்டோ ஆனால்தான் விண்டோஸைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. அப்போதும் ஃபார்மட் கடைசி வழி. தொடர்ந்து சில தடவை தொடங்க முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்கு வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம். அதில் அத்தியாவசிய டிரைவர்கள், அதாவது விண்டோஸோடு ஒட்டி வேலை செய்யும் அடிப்படை மென்பொருள்கள், மட்டுமே ஏறும். சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால், பின்னால் சேர்த்த ஏதோ ஒரு டிரைவர்தான் வில்லனாக இருக்க வாய்ப்பு அதிகம். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களையும் வங்கிகளையும் நிறுத்தியது இதே வகைக் கோளாறுதான். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பைப் படித்த டிரைவர், விண்டோஸ் தொடங்கும்போதே அதைக் கவிழ்த்தது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம், சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான்.

அன்று பலரைத் தாமதப்படுத்தியது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் உள்ளே போக முடியாது. வீட்டு லேப்டாப்பிலும் இது இருக்கலாம், பயாஸ் அமைப்பை மாற்றினால்கூட அந்த எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்த லேப்டாப் என்றால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே எண் சேமிக்கப்பட்டிருக்கும். கையிலிருக்கும் போனிலிருந்தே உள்நுழைந்து பார்த்துக்கொள்ளலாம்.